மேஜைமேல் ஒரு ஹரிக்கேன்

பாகூர் கொம்யூனைச் சேர்ந்த மணப்பட்டிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பிரான்ஸில் குடியேறிய அவருடைய மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, மருமகனுக்கென்று ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தாராம். ஹரிக்கேன் என்னும் சண்டை விமானத்தை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த பிளாஸ்டிக் உறுப்புகள் அதில் இருக்கின்றன. தகப்பனாரும் பிள்ளையும் உட்கார்ந்து ஒட்டத் தொடங்கிய மறுநாளே இரண்டு கேள்விகள் முளைத்துவிட்டன. விமானி அமரும் அறை வெறிச்சோடிக் கிடக்கிறது. அதை நிரப்ப வெளிநாட்டில் தனியே விற்கும் ரெஸின் உறுப்புகளை வரவழைக்கலாமா என்பது ஒன்று. மற்றொன்று திண்ணையிலிருந்து வந்தது. "இங்கிலீஷ்காரன் விமானத்தை நடுவீட்டில் வைப்பானேன்?" என்கிறார் பிள்ளையின் தாத்தா. அவர் 1954 நவம்பர் 1-ந் தேதி புதுச்சேரி நம்மோடு சேர்ந்ததைச் சிறுவனாய் இருந்து பார்த்தவர். அவர் கேள்விக்குச் சற்றுப் பின்னால் வருவோம்.

முதற்கேள்விக்கு நமது பதில்: வரவழைக்க வேண்டாம். சிக்கனம் ஒரு காரணந்தான். பொம்மைகள் மீதான இறக்குமதித் தீர்வை 2020-இல் நூற்றுக்கு 20-இலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. சுங்க அட்டவணை இத்தகைய மாதிரிகளையும் பொம்மைகளோடுதான் சேர்த்திருக்கிறது. (வேடிக்கை என்னவென்றால், ஏர்ஃபிக்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் சென்ற பத்தாண்டில் 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்றே அச்சிட்டிருந்தது. நம் ஊரில் வார்த்த விமானம் கடல் கடந்து போய்த் தீர்வை கட்டித் திரும்பிற்று!) ஆனால் காசைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விலைக்கு வாங்கி ஒட்டிய உறுப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்று ஒட்டியவனுக்குத் தெரியாது. தானே செய்ய வேண்டுமானால் அதைத் தெரிந்துகொண்டே தீரவேண்டும்.

24-இல் ஒரு பங்கு என்பது சிறிய விஷயமன்று. அசல் ஹரிக்கேனின் இறக்கைகள் முனைக்கு முனை 40 அடி. மேஜைமேல் அது 20 அங்குலம். கணக்குக்கு மிகவும் வசதியான அளவு இது. அசலில் ஓர் அங்குலம் இங்கே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆகவே அசலின் அளவு தெரிந்தால் போதும், வேறு பெருக்கல் வகுத்தல் இல்லை. மற்றொரு பக்கம், சிறிய மாதிரிகளில் கண்ணுக்குத் தப்பும் குறையெல்லாம் இந்த அளவில் பளிச்சென்று தெரியும். இடுப்புவார் இல்லாத இருக்கை, வாய் அடைத்த புகைக்குழாய், குழாயே இல்லாத சக்கரக் குழி ஆகியவை பெட்டிக்குள் இருந்து வந்த பொம்மை என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்.

விமானி அறையிலிருந்து தொடங்குவோம். 1935 நவம்பர் 6-ந் தேதி முதன்முதல் பறந்த இந்த விமானத்தை வகுத்தவர் ஸிட்னி காம். பழைய துணிப்போர்வை விமானங்களின் மரபிலேயே அவர் அதன் உடலை அமைத்தார். உலோகக் குழாய்களை ஆணியும் தகடும் கொண்டு முடுக்கிய சட்டக்கூடு, அதன்மேல் மரச்சட்டங்கள், பின்பாதி முழுவதும் லினன் துணி. இதன் பலனாக விமானி அறைக்குத் தளமே கிடையாது. காலை வைத்து மிதிகட்டைக்குப் போக இரண்டு பள்ளப் பலகைகள் மட்டுமே உண்டு. கையிலிருந்து பென்ஸில் நழுவினால் அது இருட்டான வயிற்றுக்குள் போய்ச் சேரும். ஆகவே பெட்டியில் தட்டையான தளம் ஒன்று கொடுத்திருந்தால், தயக்கமின்றி அதை அறுத்து எறியலாம். அதற்குப் பதில் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்கள் வேண்டும். உறுப்புகள் ஒட்டிக்கொண்டு வந்த சட்டத்தின் துண்டு ஒன்றை அகல்விளக்குச் சுடருக்கு மேல் பிடித்து, இளகியதும் இரு கையாலும் மெதுவாய் இழுத்தால் வேண்டிய பருமனுக்குக் கம்பி கிடைக்கும். வளைந்து செல்லும் குழாய்களுக்குப் பற்றவைக்கும் ஈயக்கம்பி நன்று. சொன்னபடி வளையும், வளைத்தபடி நிற்கும்.

இருக்கையின் வார்களுக்கு மாத்திரைப் பட்டையின் அலுமினியத் தாளே போதும். ஹரிக்கேன் விமானியை நான்கு வார்கள் கட்டியிருந்தன. தோளிலிருந்து இரண்டும் தொடைப்பக்கத்திலிருந்து இரண்டும் மார்புக்குக் கீழே ஒரே முளையில் கூடும். சுமார் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தாளை நறுக்கி, ஊசி முனையால் வரிசையாகத் துளை குத்தி, இருக்கையின் மேல் தளர்ச்சியாக விழும்படி விட வேண்டும். விறைத்து நிற்கும் வார் துணியாகத் தோன்றாது. கருவிப் பலகையின் நடுவே ஆறு வட்டங்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன அல்லவா? மேல்வரிசையில் வேகமானி, செயற்கைத் தொடுவானம், ஏறுவேகமானி. கீழ்வரிசையில் உயரமானி, திசைச்சுழலி, திரும்புமானி. மேகத்துக்குள் கண் தெரியாத சமயத்தில் உயிரைக் காப்பாற்றியவை இவை ஆறுந்தான். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் ஆறு துளையிட்டு, கணிப்பொறியில் சுருக்கி அச்சிட்ட முகங்களைப் பின்னால் ஒட்டி, துளைக்குள் ஒரு சொட்டுத் தெளிந்த வார்னிஷ் விட்டால் கண்ணாடியும் ஆயிற்று.

தகட்டுக்காகவும் கடைக்கு ஓட வேண்டாம். சிலவகைத் தின்பண்டப் பெட்டிகளின் மூடியை நறுக்கி, ஒட்டும் திரவத்தை ஒரு துளி வைத்துப் பாருங்கள். இளகிப் பிடித்தால் அது மாதிரி விமானத்தின் ஜாதியேதான். இளகாவிட்டால் வேறு மூடி தேடவேண்டும். திரவத்தின் ஆவி தலையைச் சுற்றச் செய்யும், தீயும் பற்றும். ஆகையால் ஜன்னலைத் திறந்து வைத்து, அகல்விளக்கை அணைத்த பிறகே அதன் மூடியைத் திறக்கவேண்டும். தட்டாரிடம் உள்ள சாமணமும் நுண்ணிய அரமும் கிடைத்தால் பாக்கியம்.

வெளிப்புறத்தில் நாம் வற்புறுத்த விரும்புவது துணியைப் பற்றித்தான். மாதிரி செய்வோர் பலரும், துணி என்றால் தொய்யும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பழைய வார்ப்புகளும் விலா எலும்பு தெரியும் மாடுபோல் பள்ளம் பள்ளமாய் இருக்கும். அசலில் அந்தத் துணிக்கு மருந்து பூசி மத்தளத் தோல்போல் இறுக்கியிருந்தார்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மேடுகளை மெல்லத் தேய்த்துவிட்டால், ஓரத்து வெளிச்சத்தில் மட்டும் சட்டங்களின் சாயை தெரியும். அதுவே உண்மை.

அசையும் பாகங்களை அறுத்து வேறு நிலையில் ஒட்டுவது இன்னொரு திருத்தம். இதில் ஒரு நியாயம் உண்டு. விமானியின் பிடி முன்னால் சாய்ந்திருந்தால் வாலிலுள்ள ஏற்றமடல் கீழே தாழும். பிடி இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இடது இறக்கைமடல் மேலே, வலது கீழே. பிடி ஒன்று சொல்ல மடல் வேறொன்று சொல்லும் மாதிரிகளை அழகான கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ளேயே பார்க்கலாம்! இடப்பக்கத்தில் விமானி ஏறுவதற்கு ஒரு தொங்கு மிதிப்படி இருக்கும். அதைக் கீழே இழுத்தால் மேலே கைப்பிடிப் பள்ளத்தின் மூடி திறக்கும். மிதிப்படியைத் தொங்கவிட்டு மூடியைச் சாத்தி வைக்கக் கூடாது. நான்கு பீரங்கிகள் வைத்த வகையானால் குழலின் துவாரம் அசலில் 20 மில்லிமீட்டர், இங்கே முக்காலுக்குச் சற்று மேல். மருந்துக்கடையில் விற்கும் 18-ஆம் எண் ஊசியின் உட்துவாரம் ஏறக்குறைய அதேதான். உபயோகிக்காத ஊசியாக வாங்கி, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, அரத்தால் அறுக்கவும். பையன் கையில் இந்த வேலையைக் கொடுக்கலாகாது.

இனித் தாத்தாவின் கேள்வி. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். 1942-இல் தலைவர்கள் சிறையில் இருந்தபோது அந்த அரசாங்கத்தின் சின்னந்தான் இந்த இறக்கைகளில் இருந்தது. 1944-இல் இம்பாலைச் சுற்றிப் போர் நடந்த சமயம், மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்களையும் கொண்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் எதிர்ப்பக்கத்தில் நின்றது.

ஆனால் அதே இம்பாலில், அதே வருஷத்தில், ஹரிக்கேன் விமானங்களோடு இருந்தது இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன். அதற்குத் தலைமை வகித்த அர்ஜன் சிங் என்ற வாலிபருக்கு வயது 25. 1947 ஆகஸ்டு 15-ந் தேதி டில்லியின் மேல் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் அணிவகுத்துப் பறந்தபோது முன்னால் சென்றவரும் அவரே. சுதந்தர தேசத்தின் விமானப்படை ஆகாயத்திலிருந்து குதித்துவிடவில்லை. இந்தத் துணிப்போர்வைக் கூண்டுகளில் உட்கார்ந்து கற்றவர்களே அதை நடத்தினார்கள். நமக்கு இன்னும் அருகிலும் கதை இருக்கிறது. 1942 ஏப்ரல் 5-ந் தேதி கொழும்பையும் 9-ந் தேதி திரிகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எதிர்த்து எழும்பியவை ஹரிக்கேன்களே. கொழும்பில் அவற்றுள் ஒரு பகுதி குதிரைப் பந்தய மைதானத்திலிருந்து கிளம்பிற்று. அந்த நாட்களில் சென்னையைக் காலி செய்து மூட்டை முடிச்சுகளோடு கிராமங்களுக்கு ஓடிய குடும்பங்களின் பேச்சைப் பெரியவரும் கேட்டிருக்கக்கூடும்.

எனவே பெட்டியில் இருக்கும் ஆங்கிலேய ஸ்குவாட்ரன் அடையாளங்களை ஒட்ட வேண்டியதில்லை என்பதே நமது யோசனை. நம்மவர்கள் ஓட்டிய விமானமாக அதை மாற்றலாம். இதற்கும் கைவேலை தேவை. இப்பகுதியில் பறந்த நேசநாட்டு விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து நடுச் சிவப்பை நீக்கிவிட்டார்கள். ஜப்பானின் சிவப்பு வட்டமென்று தூரத்தில் தவறாக எண்ணிச் சுட்டுவிடக் கூடாதே என்பதுதான் காரணம். கருநீலத்துக்குள் வெளிர்நீலம் மட்டும் நின்றது. அந்த வட்டங்களை ஒட்டுத்தாளில் வெட்டி மறைத்து வர்ணம் பூசலாம். மூக்கின் அடியில் தூசு வடிகட்டிக்கென்று நீண்ட தாடைபோன்ற உறை ஒன்றும் வெப்ப நாடுகளுக்கு வந்த ஹரிக்கேன்களில் உண்டு. பெட்டியில் இல்லாவிட்டால் தகட்டை அடுக்கி ஒட்டி, அரத்தால் உருவாக்கிவிடலாம். தாத்தாவிடம் ஒருபக்கத்து வட்டத்தைப் பூசக் கொடுத்துப் பார்க்கும்படி நேயருக்குச் சிபாரிசு செய்கிறோம். பெரியவர்களுக்கு நம்மைவிடக் கை நிதானம் அதிகம். அவர் மறுத்தாலும் இம்பாலில் இரு பக்கமும் நின்றவர்களைப் பற்றிப் பையனுக்குச் சொல்லட்டும்.

மணப்பட்டு கடலோரமாதலால் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வர்ணம் பூசவேண்டாம். ஈரக்காற்றில் மேற்பூச்சு வெளுத்துப் பூத்துவிடும். தை பிறந்தபின் காலை பத்து மணிக்கு மேல் பூசலாம். விமானி அறைக்குப் பின்னுள்ள கம்பத்திலிருந்து வால் உச்சிக்குச் செல்லும் ரேடியோக் கம்பியை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒட்டவும், இல்லாவிட்டால் சட்டைக்கை பட்டு தினம் ஒருமுறை அறும். புதுவகை ரேடியோ வந்தபின் பல விமானங்களில் கம்பத்தை மட்டும் விட்டுக் கம்பியை எடுத்துவிட்டார்கள். தாங்கள் செய்யும் விமானத்தின் புகைப்படத்தில் கம்பி தெரியாவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.