விரிச்சி கேட்கும் விளையாட்டுப் பக்கங்கள்

புரோ கபடி ஏலம் முடிந்த மறுநாளே அது தொடங்கிவிடுகிறது. வரும் பருவங்களை ஆளப்போகும் அணிகள் எவை, கோப்பை யாருக்கு, சரியப்போவது யார் என்று வரிசை எண் போட்டு எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் சிலர் நமக்கு நண்பர்கள், நல்ல வாசகர்களும்கூட. அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறோம். இவை விளையாட்டைப் பற்றிய எழுத்து அல்ல. விலைப்பட்டியலைப் பற்றிய எழுத்து. யார் எவ்வளவுக்கு வாங்கப்பட்டார் என்பதைக் கூட்டிக் கழித்து, வந்த விடைக்கு எதிர்காலம் என்று பெயர் வைக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எத்தனை முறை பொய்த்திருக்கிறது என்று பார்ப்போம். 2019 பருவத்தில் தமிழ் தலைவாஸ் அணியில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் ஆகிய மூவரும் இருந்தார்கள். காகிதத்தில் அதைவிடக் கனமான அணி அரிது. பன்னிரண்டு அணிகளில் அது கடைசி இடத்தில் முடிந்தது. 2022இல் அதே அணி 2.26 கோடி ரூபாய்க்குப் பவன் செராவத்தை எடுத்தது. கபடி வரலாற்றில் அன்றுவரை இல்லாத விலை. முதல் ஆட்டத்திலேயே அவர் காயமுற்று வெளியேறினார். பருவத்தின் நடுவே பயிற்சியாளரும் மாறினார். எல்லாக் கணிப்புகளின்படியும் அணி அத்துடன் மூழ்கியிருக்க வேண்டும். நரேந்தர் என்ற அறிமுக இளைஞர் 240க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகளை எடுக்க, தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதியைக் கண்டது. அடுத்த ஆண்டு பவன் 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸுக்குப் போனார். இம்முறை காயமில்லை, ஆடினார். அணி கடைசி இடம்!

'ஆதிக்கம்' என்ற சொல்லையும் எடுத்துக்கொள்வோம். பர்தீப் நர்வாலை வைத்துக்கொண்டு 2016இல் இரண்டு முறையும் 2017இல் ஒரு முறையும் தொடர்ந்து வென்றது பாட்னா பைரேட்ஸ். ஆதிக்கம் என்றால் அதுதான். பர்தீப் அணியில் இருக்கும்போதே அடுத்த பருவத்தில் அந்த அணி பிளே ஆஃப் சுற்றுக்குக்கூட வரவில்லை. அதற்குப் பின் பெங்களூரு, வங்காளம், டெல்லி, ஜெய்ப்பூர், புனே, ஹரியானா, மறுபடி 2025இல் டெல்லி என்று கோப்பை கைமாறிக்கொண்டே வந்தது. முந்தைய ஆண்டு வென்றவர் எவரும் அதைத் தக்கவைக்கவில்லை.

இது தற்செயல் அன்று. எல்லா அணிக்கும் ஒரே செலவு வரம்பு, மறுபடி மறுபடி ஏலம், தக்கவைப்புக்குக் கட்டுப்பாடு என்று இந்தப் போட்டி, எவரும் நெடுநாள் ஆளக்கூடாது என்பதற்காகவே அமைக்கப்பட்டது. அமெரிக்கக் கூடைப்பந்திலும் சம்பள வரம்பும் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அதே வேலையைச் செய்கின்றன. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் அங்கே வென்றன. ஆதிக்கத்தைத் தடுக்கவென்றே கட்டிய வீட்டில் நின்றுகொண்டு, யார் ஆதிக்கம் செலுத்துவார் என்று கேட்பது என்ன வகை அறிவு?

கணிப்பது மனித இயல்பு, அதில் என்ன தவறு என்பார்கள். இயல்புதான். முல்லைப்பாட்டில் தலைவன் போருக்குப் போயிருக்கையில், முதுபெண்டிர் ஊருக்கு வெளியே நெல்லும் பூவும் தூவி விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். கன்றைத் தேற்றும் ஆயர் மகளின் சொல் அவர்கள் காதில் விழுகிறது. அதை நற்சொல்லாகக் கொள்கிறார்கள். அதில் பாசாங்கு இல்லை. கேட்டவர்கள் அதை ஆறுதலாகக் கொண்டார்கள், தலைவியோ அதைக் கேட்டும் தேறவில்லை. புள்ளிவிவரம் என்று எவரும் விற்கவில்லை. நம் விளையாட்டுப் பக்கங்களும் விரிச்சிதான் கேட்கின்றன, ஆனால் அறிவியலின் உடுப்பை மாட்டிக்கொண்டு.

கணிப்பையே வேண்டாம் என்பவர்கள் அல்லர் நாம். காரைக்கால்மேட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரைக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அதன் பிறகுதான், 2007இல், ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் வந்தது. இன்று காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறும் முன்பே கடலுக்குப் போகவேண்டாம் என்ற சொல் வந்துவிட்டது. வானிலைக்காரர் புயலின் பாதையை ஒற்றைக் கோடாக மட்டும் வரைந்து நிறுத்துவதில்லை. எவ்வளவு விலகலாம் என்பதையும் சேர்த்தே வரைகிறார். ஆண்டு முடிந்ததும் எத்தனை கிலோமீட்டர் பிசகியது என்று கணக்கையும் வெளியிடுகிறார். இங்கே கடலைப் பார்த்து நாள் சொல்லும் பெரியவரும் அப்படித்தான். அவர் சொல் தவறினால் போவது அவர் வீட்டுப் படகும்தான்.

விளையாட்டு ஆரூடக்காரருக்கு எது போகிறது? பருவம் முடிந்தபின் "நான் சொன்னது இது, நடந்தது இது" என்று எழுதியவர் ஒருவரையேனும் நாம் பார்த்ததில்லை. அடுத்த ஏலம் வரும், அடுத்த பட்டியல் வரும்.

ஆனால் படித்தவனுக்குப் போயிருக்கிறது. நம் மாணவர் ஒருவர், மீனவக் குடும்பம், கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை ஒரு செயலியில் அணி அமைத்து இழந்துவிட்டு வந்து நின்றார். எதை நம்பி அமைத்தாய் என்று கேட்டோம். இத்தகைய கட்டுரை ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். "நிச்சயம்" என்ற சொல் அதில் மூன்று இடங்களில் இருந்தது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமியற்றித் தடுத்தது. நல்லது. அந்த ஆட்டங்களுக்குத் தீனி போட்ட எழுத்துநடை மட்டும் மாறவில்லை. அதைத் தடுக்கச் சட்டம் வராது, வரவும் கூடாது. எழுதுகிறவர்தான் வெட்கப்பட வேண்டும்.

ஆகவே நண்பர்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. கணிக்கிறீர்களா, நூற்றுக்கு எத்தனை என்று சொல்லுங்கள். பருவம் முடிந்ததும் திரும்பி வந்து கணக்கை ஒப்பியுங்கள். இரண்டும் முடியாதென்றால் கண்ணால் கண்ட ஆட்டத்தை எழுதுங்கள். தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன், நாற்பதைக் கடந்த வயதில், 2016இல் பாட்னாவுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். நம் டெல்டாவின் மனிதர். எந்த வயதுக் கணக்கில் அவர் வந்திருப்பார்? அவருடைய பிடியைப் பற்றி, எதிரி எந்தக் காலை ஊன்றும்போது அவர் கை போகிறது என்பதைப் பற்றி, தமிழில் ஒரு நல்ல பக்கத்தை நாம் இன்னும் படிக்கவில்லை. 2022இல் டெல்லிக்குத் தலைவராக வென்ற ஜோகிந்தர் நர்வால், 2025இல் அதே அணிக்குப் பயிற்சியாளராக வென்றதற்குள் ஒரு நாவலே இருக்கிறது. அதையும் யாரும் எழுதவில்லை.

காரைக்கால்மேட்டுக் கரையில், தடைக்கால மாலைகளில், இழுத்து ஏற்றிய படகுகளுக்கு நடுவே கோடு கிழித்துப் பையன்கள் சடுகுடு ஆடுகிறார்கள். யார் வெல்வார் என்று ஓரத்தில் நிற்பவர்களும் சொல்கிறார்கள்தாம். பொய்த்தால் அங்கேயே கேலியும் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த நாணயமாவது நம் பக்கங்களுக்கு வரட்டும்.