எழுத்து எது என்று அறிந்து எண்ணுக

பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கணிப்பொறியில் அமைக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் பத்து இடம் என வகுத்து, குறைவதை வெற்றிடத்தால் நிரப்பச் சொல்கிறோம். பைத்தானில் இதற்கு ஒரே கட்டளை. ஜாவாஸ்கிரிப்டிலும் 2017 முதல் அவ்வாறே. இதில் கருத்துரைக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கலாம்.

மீனாட்சி, கமலா என்னும் இரு பெயர்களை அதில் இட்டுப் பாருங்கள். முன்னது நான்கு எழுத்து, பின்னது மூன்று. கணிப்பொறியோ எட்டு என்றும் நான்கு என்றும் எண்ணுகிறது! யூனிகோடு முறையில் காலும் கொக்கியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அவற்றையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஆகவே மீனாட்சிக்கு இரண்டு வெற்றிடம், கமலாவுக்கு ஆறு. பட்டியல் கோணுகிறது.

கோணினால் பொறுத்துக்கொள்ளலாம், வெட்டினால்? இளங்கோவன் ஆறெழுத்துப் பெயர். கணிப்பொறிக்கு அது ஒன்பது. எட்டிடக் கட்டத்தில் கடைசிப் புள்ளி வெட்டுண்டு ‘இளங்கோவன’ என நிற்கும். உயர்திணை ஆண்மகன் அஃறிணைப் பன்மையாகி விடுகிறான்! சான்றிதழிலும் தேர்வுச் சீட்டிலும் இப்படிப் பெயர் திரிந்தால் அலைபவன் மாணவன்தானே?

அளவிட்டு அமைப்பது நமக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஒற்றுகளை எண்ணுவதில்லை. ‘மீ’ ஒரே எழுத்து. மெய்யும் குறியுமாக இரண்டன்று. எதை எண்ணுவது, எதை விடுவது என்று முடிவு செய்த பின்னரே நம் யாப்பிலக்கணத்தார் அளவை வகுத்தனர். நிரல் எழுதுவோர் அம்முடிவை எடுக்காமலே அளவை வகுக்கின்றனர் என்பதே என் குறை.

சேமிப்பிடம் பைட்டுக் கணக்கில்தானே இருக்கிறது என்பர் சிலர். உண்மைதான், தமிழ்க் குறி ஒன்றுக்கு யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு வேண்டும். இருக்கட்டும். இடம் போதாதபோது முழுமையாக அடங்கும் கடைசி எழுத்தோடு நிறுத்தலாமே. ஓர் எழுத்தின் நடுவே ஏன் கத்தி வைக்க வேண்டும்? பட்டியல் நேராக நிற்பது வேறு செய்தி. ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலம் அல்ல, அதை வெற்றிடத்தால் சரிசெய்ய முயலாமல் அட்டவணையிடம் விட்டுவிடலாம்.

வழி இல்லாமலும் இல்லை. ஸ்விஃப்ட் மொழி ‘தமிழ்’ என்பதை மூன்று என்றே எண்ணுகிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் கருவி உண்டு. நம் சங்க உறுப்பினர் பட்டியலையேனும் நம் மாணவர் இம்முறையில் எழுதித் தரட்டும். இந்தி, மராத்தி பேசும் தோழர்களுக்கும் அதைக் கொடுக்கலாம். அவர்கள் பெயர்களும் இவ்வாறே வெட்டுண்கின்றன.