ஒரே ஹைபிரிட் கார்: அமெரிக்காவில் 24 லட்சம், சென்னையில் 60 லட்சம். நீங்க எதுக்குக் காசு கொடுக்கறீங்க?

எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த ஒரு சண்டையிலிருந்துதான் இந்தப் பதிவு ஆரம்பம். அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா பையன் புது டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு போட்டோ போட்டான். பெரியப்பா உடனே விலை கேட்டார். "ஆரம்ப விலை 28,400 டாலர் பெரியப்பா"ன்னு பதில் வந்தது. அவர் கால்குலேட்டரைத் தட்டி, "24 லட்சம்தானே! இங்கே அதே வண்டி 48 லட்சம்னு போட்டிருக்கான், கொள்ளையடிக்கறானுங்க"ன்னு எழுதினார்.

பெரியப்பாவின் கணக்கு சரி. புது கேம்ரி ஹைபிரிட் 2024 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 48 லட்சம். அன்றைய டாலர் மதிப்பில் அமெரிக்க ஆரம்ப விலை 24 லட்சம். ஆனா கொள்ளைன்னு மொத்தமா கம்பெனி தலையில் போட்டுட முடியாது. அந்த 48 லட்சத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல்ல ஒரு நியாயம். அமெரிக்காவில் அப்போ 28,400 டாலர் என்பது அடிப்படை வேரியன்ட். இங்கே அப்போ வந்தது எல்லா வசதியும் இருந்த ஒரே வேரியன்ட். அங்கே போடும் விலையில் மாநில விற்பனை வரியும், ஆயிரம் டாலருக்கு மேல் வரும் டெலிவரி கட்டணமும் சேராது. இங்கே எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே ஜிஎஸ்டி உட்கார்ந்திருக்கும். அதனால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "டபுள்"னு சொல்றது முழு உண்மை இல்லை.

அப்போ வரியை எடுத்துட்டா? அன்னைக்கு பெரிய ஹைபிரிட் கார்களுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி, 15 சதவீதம் செஸ், மொத்தம் 43. 48 லட்சத்தில் வரி மட்டும் சுமார் 14.4 லட்சம். மிச்சம் 33.6 லட்சம்தான் கம்பெனிக்கும் டீலருக்கும். அதுவும் 24-ஐ விட அதிகம்தான். அமெரிக்கக் கேம்ரி கென்டக்கி மாநிலத்தில் பெரிய எண்ணிக்கையில் தயாராகுது. நம்ம கேம்ரி பாகங்களா இறக்குமதியாகி, சுங்க வரி கட்டி, பெங்களூரு பக்கத்து பிடதியில் பொருத்தப்படுது. விற்கும் எண்ணிக்கையும் குறைவு. கொஞ்சம் வண்டி விக்கிற இடத்தில் ஒவ்வொரு வண்டி மேலேயும் செலவு அதிகமா ஏறத்தான் செய்யும்.

இனிமேதான் பெரியப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வரணும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். 48 லட்சத்துக்கு 9.6 லட்சம். கவனிங்க, ஏற்கனவே ஜிஎஸ்டி சேர்ந்த விலை மேலதான் இந்த வரி. வரிக்கு வரி. இன்ஷூரன்ஸும் சேர்த்தா சென்னையில் 60 லட்சத்தைத் தொட்டுடும்.

அதே வருஷம் ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு ஸ்ட்ராங் ஹைபிரிட் கார்களுக்குப் பதிவு வரியை முழுசா தள்ளுபடி செய்தது. அப்போ அதே கம்பெனி, அதே தொழிற்சாலை, அதே வண்டிக்கு நொய்டாவில் அந்த வரி பூஜ்யம், சென்னையில் 9.6 லட்சம். நாடு விட்டு நாடு போகவே வேண்டாம். (உடனே நொய்டா ஃபிரெண்டு அட்ரஸ் கேட்காதீங்க. 12 மாசத்துக்கு மேல் இங்கே ஓட்டினா இங்கே பதிவு பண்ணி வரி கட்டியாகணும்.)

சரி, மத்த நாடுகள்? சிங்கப்பூர்ல வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க இதைப் படிச்சுட்டு 60 லட்சமா, அவ்வளவுதானான்னு சிரிப்பாங்க. அங்கே கார் வாங்க முன்னாடி, கார் வைத்திருக்கும் உரிமையையே ஏலத்தில் எடுக்கணும். சிஓஇன்னு பேரு. 1990-லிருந்து இருக்கு, செல்லுபடியாகும் காலம் 10 வருஷம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ மட்டும் 1,50,001 சிங்கப்பூர் டாலருக்குப் போச்சு.

ஒரு உதாரணக் கணக்கு. இறக்குமதி மதிப்பு 30,000 டாலர் இருக்கும் ஒரு ஹைபிரிட் கார்னு வைங்க. கலால் வரி 20 சதவீதம், 6,000. அந்தக் கூட்டுத்தொகை மேல 9 சதவீத ஜிஎஸ்டி, 3,240. கூடுதல் பதிவுக் கட்டணம்: முதல் 20,000-க்கு 100 சதவீதம், அடுத்த 10,000-க்கு 140 சதவீதம், ஆக 34,000. சிஓஇ ஒரு லட்சம்னே வைப்போம். மொத்தம் 1,73,240 டாலர். டீலர் லாபம் இன்னும் சேர்க்கலை. நம்ம காசில் ஒரு கோடிக்கு மேல். அதில் காருக்கான மதிப்பு அஞ்சில் ஒரு பங்கு கூட இல்லை. அந்த அரசு இதை மறைக்கவும் இல்லை. சின்னத் தீவு, ரோடு இவ்வளவுதான், எல்லாரும் கார் வாங்கக்கூடாது என்பதுதான் கொள்கை. பஸ்ஸும் ரயிலும் ஒழுங்கா ஓடுவதால் அது அங்கே எடுபடுது.

இலங்கைக் கதை வேற. அங்கே பிரச்சினை ரோடு இல்லை, டாலர். அந்நியச் செலாவணி தட்டுப்பாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பிப்ரவரியில். நடுவில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட் கார்கள், ஓட ஓட விலை குறையாமல் ஏறிக்கிட்டே போச்சு. வாங்கின விலையை விட அதிகத்துக்குப் பழைய வண்டி விற்றவங்க உண்டு. கார் முதலீடே இல்லைன்னு வீடியோ வீடியோவா சொல்ற எனக்கே இது கொஞ்சம் சங்கடம்தான்.

ஆக, ஹைபிரிட் காரின் விலையில் இன்ஜினும் பேட்டரியும் ஒரு பகுதிதான். அந்த நாட்டு அரசு ஹைபிரிட்டை எப்படிப் பார்க்குது என்பதுதான் மீதி. நம்ம அரசு எப்படிப் பார்க்குது? என் கருத்தை நேரா சொல்லிடறேன்: எரிபொருள் மிச்சம் பண்ணும் வண்டியா பார்க்கலை, வசதியானவங்க வாங்கும் பொருளா பார்க்குது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தப்போ ஹைபிரிட் மேல் இருந்த சுமார் 30 சதவீத வரி 43 ஆச்சு. எலக்ட்ரிக் காருக்கு 5 சதவீதம்தான். 2025 செப்டம்பர் 22-ல் செஸ்ஸை நீக்கி பெரிய கார்களுக்கு 40 சதவீதம்னு வச்சாங்க. ஹைபிரிட்டுக்கும் 40, பெட்ரோல் எஸ்யூவிக்கும் 40. ஹைபிரிட்டுக்கு முன்னாடி இருந்த சின்னச் சலுகையும் அதோட போச்சு. எலக்ட்ரிக்கை ஊக்குவிக்கிறது சரி. ஆனா லிட்டருக்கு 14 கிலோமீட்டர் போற வண்டியையும் 22 போற வண்டியையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு நியாயமா படலை.

இது உங்க பர்ஸை எங்கே தொடுது? யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்க்கறீங்க. "ஹைபிரிட் அஞ்சு வருஷத்துல போட்ட காசை எடுத்துடும்"னு சொல்றான். அவன் ஊருக்கு அது உண்மை. அங்கே கொரோலா பெட்ரோலுக்கும் ஹைபிரிட்டுக்கும் வித்தியாசம் சுமார் 1,500 டாலர்தான். வருஷம் 12,000 மைல் ஓட்டினா நூறு கேலன் மிச்சம், கிட்டத்தட்ட 300 டாலர். அஞ்சு வருஷம், கணக்கு முடிஞ்சுது.

இப்போ நம்ம கணக்கு. 15–20 லட்ச ரேஞ்சில் ஒரு எஸ்யூவி. பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் 3 லட்சம் வித்தியாசம்னு வைங்க. தமிழ்நாட்டில் இந்த ரேஞ்சுக்கு சாலை வரி 18 சதவீதம். அந்த 3 லட்சத்துக்கும் வரி உண்டு, 54,000. ஆக 3.54 லட்சம். (ஹைபிரிட் 20 லட்சத்தைத் தாண்டினா முழு விலைக்கும் 20 சதவீதம், ஜாக்கிரதை.) மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டறீங்க, சிட்டி மைலேஜ் 14-க்கு பதிலா 22, பெட்ரோல் 100 ரூபாய். வருஷம் சுமார் 31,000 ரூபாய் மிச்சம். போட்ட காசு திரும்ப 11 வருஷம் ஆகும்.

அதுவும் கைக்காசு போட்டா. இந்தக் கூடுதல் 3.54 லட்சத்தையும் 9 சதவீத வட்டியில் 5 வருஷ லோன்ல போட்டா, இஎம்ஐ மட்டும் மாசம் சுமார் 7,350 ஏறும். பெட்ரோலில் மிச்சம் மாசம் 2,600. அறுபது மாசம் இப்படிக் கட்டணும். ஷோரூமில் இதை யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்குச் சொன்னது, "சார், ஆபீஸ் போயிட்டு வர்ற பெட்ரோல் காசே இஎம்ஐ கட்டிடும்." இந்த வரியை நம்பி நானே ஒரு ஹைபிரிட்டுக்கு புக்கிங் தொகை கட்டிட்டு வந்தவன்தான். ராத்திரி உட்கார்ந்து எக்செல்லில் போட்டுப் பார்த்துட்டு, மறுநாள் காலையில் கேன்சல் பண்ணேன்.

ஹைபிரிட்டே வேண்டாம்னு நான் சொல்லலை. என் ஃபிரெண்டு செங்கல்பட்டுலேர்ந்து தினமும் சென்னைக்குள்ள வந்து போறான். மாசம் 2,500 கிலோமீட்டர், பாதி நேரம் ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக். அதே கணக்கில் அவனுக்கு நாலரை வருஷத்தில் காசு திரும்புது. தாராளமா வாங்கலாம்னு நானே சொன்னேன், வாங்கிட்டான். சத்தம் இல்லாத வண்டி பிடிச்சிருக்கு, அதுக்காக 3 லட்சம் கூடுதலா தர்றேன்னு நீங்க சொன்னாலும் அது உங்க விருப்பம், உங்க காசு. மிச்சம்னு மட்டும் அதுக்குப் பேர் வைக்காதீங்க.

ஷோரூமுக்குப் போகும்போது ரெண்டு வேரியன்ட்டுக்கும் எக்ஸ்-ஷோரூம் இல்லாமல் ஆன்-ரோடு கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்க. கடைசி மூணு மாச பெட்ரோல் பில்லும் கையில் இருக்கட்டும். நான் போட்ட அந்த எக்செல் ஷீட் இந்த வார வீடியோவுக்குக் கீழே இருக்கு. சாலை வரி கட்டத்தில் உங்க மாநில சதவீதத்தை மட்டும் மாத்திக்கோங்க. பெரியப்பாவுக்கும் அதைத்தான் அனுப்பினேன். அவர் இன்னும் கொள்ளைன்னுதான் சொல்றார், இப்போ யாரைச் சொல்றார்னு மட்டும் மாறியிருக்கு.