"டி.சி. வாங்கிட்டுப் போங்க"ன்னு சொல்றது அட்வைஸ் இல்லை, சட்டமீறல்

1. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, ஏழு வயசுப் பையனோட வந்தாங்க. பையனுக்கு ஆட்டிசம். பள்ளியில் சொன்னது: "மத்த பிள்ளைங்க படிப்பு கெடுது. ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்க, டி.சி. தர்றோம்." அன்பாத்தான் சொன்னாங்களாம். அன்பா சொன்னாலும் தப்பு தப்புதான்.

2. கல்வி உரிமைச் சட்டம் 2009: எட்டாம் வகுப்பு முடிக்கிற வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016: பட்டியலில் உள்ள 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் உண்டு. 40 சதவீதச் சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா? தேர்வு குழந்தையோடது. ஹெச்.எம்.மோடது இல்லை.

3. "அடங்க மாட்டேங்கிறான், காதைப் பொத்திக்கிட்டுக் கத்துறான்." தீபத்தன்னிக்குத் திருவண்ணாமலை மாடவீதிக் கூட்டத்துல, மைக்செட் பக்கத்துல உட்கார்ந்து கணக்கு போட்டுப் பாருங்க. சில ஆட்டிசக் குழந்தைகளுக்கு சாதாரண வகுப்பறைச் சத்தமே அப்படித்தான் இருக்கும். அது அடம் இல்லை. அடிச்சா சரியாகாது. அடிக்கிறதுக்கும் அதே 2009 சட்டத்துல தடை இருக்கு.

4. என்ன செய்யலாம்? அன்றைய பாடவேளைகளைப் படமா வரைஞ்சு ஒட்டுங்க. மணி அடிக்கும் முன்னாடியே சொல்லி வைங்க. ஒரு நேரத்துல ஒரே கட்டளை, சின்ன வாக்கியம். சத்தம் குறைவான ஓரத்துல நிரந்தர இடம். பஸ் பிடிக்குமா? பஸ்ஸை வெச்சே கூட்டல் சொல்லிக்கொடுங்க. செலவு: ஒரு சார்ட் பேப்பர்.

5. "நாற்பது பிள்ளைக்கு நான் ஒருத்தி, எப்படி சார்?" நியாயமான கேள்வி டீச்சர். ஆனா அதை அரசிடம் கேளுங்க. தொடக்க நிலையில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் வேண்டும்னு 2022-லேயே மத்திய அரசு அறிவிச்சிடுச்சு. நடைமுறையில், தொகுப்பூதியத்துல இருக்கிற ஒருத்தர் பல பள்ளிகளுக்கு அலையுறார். ஆள் போடாதது அரசு. தண்டனை மட்டும் ஏழு வயசுப் பையனுக்கா?

6. எங்க மேலயும் தப்பு இருக்கு. "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்"னு சொல்லி அனுப்பி, வருஷங்களை வீணாக்கின டாக்டர்கள் உண்டு. "ஆட்டிசத்தைக் குணமாக்குறோம்"னு விளம்பரம் பார்த்து நகையை அடகு வைக்காதீங்க. இது நோய் இல்லை, மூளை வளர்ச்சியில் இருக்கிற வேறுபாடு. பயிற்சியும் பள்ளியும்தான் உதவும்.

7. பெற்றோரே, டி.சி. விண்ணப்பத்துல கையெழுத்துப் போடாதீங்க. "ஏன் அனுப்புறீங்கன்னு எழுத்துல கொடுங்க"ன்னு கேளுங்க. வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் கேட்டு மனு கொடுங்க. நடக்கலையா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை மனுநாள்.

பையன் எங்கேயும் போக வேண்டாம். மாற வேண்டியது வகுப்பறை.