முழங்கால் எங்கே பார்க்கிறது?

போன மாதம் படிவம் 4 மாணவி ஒருத்தி எங்கள் ஆய்வுக்கூடப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக இறங்கினாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அரங்கேற்றம் வருது டீச்சர். கால் வலிக்கத்தான் செய்யும்" என்றாள். அந்தப் பதில்தான் என்னை உறுத்தியது. வலிக்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

மாணவர்களே, உங்களில் பலர் பரதம் ஆடுகிறீர்கள். பிரிக்பீல்ட்ஸில் உள்ள, 1981-இல் தொடங்கப்பட்ட டெம்பல் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் முதல் கிள்ளானில் கடைவீட்டு மாடிகளில் நடக்கும் சிறு வகுப்புகள் வரை, சனி, ஞாயிறு என்றாலே தட்டுக்கழிச் சத்தம்தான். ஆனால் பூப்பந்து ஆடுபவரை விளையாட்டாளர் என்கிறோம். பரதம் ஆடுபவரை அப்படி நினைப்பதில்லை. உடலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. நிமிடத்துக்கு 60 முறை தரையைத் தட்டினால், ஒரு மணி நேரத்தில் 3,600 தட்டு. அதுவும் வெறுங்காலில்.

அரைமண்டியை எடுத்துக்கொள்வோம். பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். அந்தத் திருப்பம் எங்கிருந்து வர வேண்டும்? இடுப்பிலிருந்து. இடுப்பு மூட்டு பந்தும் கிண்ணமும் போன்றது. எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் கிட்டத்தட்ட ஒரு கதவுக் கீல். மடங்கும், நீளும், முறுக்கினால் தாங்காது. இடுப்பு திரும்பும் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும், ஏனென்றால் எலும்பின் வடிவமே வேறு. உங்கள் இடுப்பு ஓரளவே திரும்பும்போது, பக்கத்தில் ஆடும் தோழியைப் பார்த்துப் பாதத்தை மட்டும் அதிகமாகத் திருப்பி வைத்தால், மீதி முறுக்கு முழுவதையும் முழங்காலும் கணுக்காலும் வாங்கிக்கொள்கின்றன. பாதத்தின் வளைவு உள்ளே சரிகிறது.

சோதித்துப் பாருங்கள். கண்ணாடி முன் அரைமண்டியில் உட்காருங்கள். முழங்கால் சில்லு இரண்டாவது கால்விரலுக்கு நேர்மேலே இருக்கிறதா, அல்லது முன்பக்கம் எட்டிப் பார்க்கிறதா? எட்டிப் பார்த்தால், இரண்டும் ஒரே நேராக வரும்வரை பாதத்தின் திருப்பத்தைக் குறையுங்கள். இன்றைக்கு உங்கள் அளவு அவ்வளவுதான். இது பரதத்துக்கு மட்டும் உரியதல்ல. 1935-இல் சிகாகோவில் தொடங்கிய ரோலர் டெர்பி விளையாட்டிலும், சக்கரக் காலணியோடு முழங்காலை மடக்கித் தாழ்ந்துதான் ஓட வேண்டும். முழங்கால் உள்ளே சாய்ந்தால் அங்கும் இதே தொல்லை. எப்போதும் இடஞ்சுழியாகவே சுற்றுவதால், இரண்டு கால்களுக்கும் ஒரே மாதிரி வேலையும் கிடைப்பதில்லை.

அடுத்து முதுகு. தலை, கை, நெஞ்சு சேர்ந்து உங்கள் மேலுடல் எடை 250 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். களைப்பில் முன்னே சாய்கிறீர்கள்; அந்த எடையின் மையம் கீழ்முதுகிலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னால் போய்விடுகிறது. முதுகுத் தசையோ எலும்பிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இழுக்கிறது. நெம்புகோல் கணக்குப்படி அது 500 நியூட்டன் விசையோடு இழுக்க வேண்டும். எடையைப்போல் இரு மடங்கு. "முதுகை நேராக வை" என்று ஆசிரியர் தட்டுக்கழியை ஓங்குவது அழகுக்காக மட்டுமல்ல.

முறை சரியாக இருந்தாலும் அளவு மிஞ்சினால் எலும்பு தாங்காது. எக்ஸ்ரே 1895-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு 40 ஆண்டுகள் முன்பே, 1855-இல், பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாவுப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அடிபடாமலே வந்த வலி அது. காரணம், ஓயாத தட்டில் எலும்பில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. உடல் முதலில் பழுதான பகுதியைக் கரைத்து எடுக்கும். அதற்குச் சில வாரங்கள். புது எலும்பை நிரப்ப மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிட வலுக்குறைவாக இருக்கும். சரியாக அந்த நேரத்தில்தான் நாம் பயிற்சியை இரட்டிப்பாக்குகிறோம்! மண்டபம் பதிவு செய்தாயிற்று, அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று என்று.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஆண்டு முழுவதும் வாரத்துக்கு இரண்டு வகுப்பு, கடைசி இரண்டு மாதம் தினமும் மூன்று மணி நேரம் என்ற வழக்கம் தவறு. சிமெண்டின் மேல் ஓடு பதித்த தரையில் அதைச் செய்வது இன்னும் தவறு. மரத்தளம் போட எல்லோராலும் முடியாது, தெரியும். வாரந்தோறும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதற்கும், வாரத்தில் ஒரு நாள் தட்டே இல்லாமல் கை முத்திரையும் அபிநயமும் மட்டும் பயில்வதற்கும் காசு வேண்டாமே.

"எங்கள் காலத்தில் எல்லோரும் சிமெண்டுத் தரையில்தான் ஆடினோம், ஒன்றும் ஆகவில்லை" என்பார்கள் பெரியவர்கள். அறிவியல் மாணவராக நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும், மனத்துக்குள்ளாவது. வலியால் பாதியில் நின்றுபோனவர்களை அந்தக் கணக்கில் யார் சேர்த்தது?

தசை வலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். கீழ்க்காலில் ஒரே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, ஓய்வெடுக்கும்போதும் இரவிலும் விடாத வலி என்றால் தைலம் தேய்த்துவிட்டு ஆடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். உயரமாக வளரும் வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே புடைத்து வலித்தாலும் அப்படித்தான். இன்னொன்று: மெலிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோகலாம். அப்போது எலும்பும் வலுவிழக்கும். வெட்கப்படாமல் அம்மாவிடம் சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு மருத்துவர் ஆறு வாரம் தட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து வர்ணத்தின் அபிநயத்தை மட்டும் பயில்கிறாள். அரங்கேற்றம் பள்ளி விடுமுறைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் கிடைக்குமா என்று அவள் அப்பா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.