காலாண்டு மார்க்கும் கடைசித் தீர்ப்பும்

தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகளில் இரண்டாம் ஆண்டு வாசிக்கும் மாணாக்கர்களுக்குக் காலாண்டுப் பரீட்சை செப்டம்பர் மாதத்தில் நடைபெறுவது வழக்கம். விடைத்தாள்கள் கைக்கு வந்த அன்றே பல இல்லங்களில் அமைதி குலைந்துவிடுகிறது. கணிதத்தில் 28, பௌதிகத்தில் 31 என்று சிவப்பு மையில் கண்டதும், "இனி இவன் உருப்படமாட்டான்" என்று தகப்பனார் தீர்ப்புக் கூறிவிடுகிறார். உபாத்தியாயரும் தலையசைக்கிறார். பையனோ அதை வேதவாக்காக நம்பிவிடுகிறான். மூவரும் சேர்ந்து செய்யும் இத்தவற்றைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறுவது நமது கடமை.

முதலில் விதி யாதெனப் பார்ப்போம். சான்றிதழில் ஏறுவது மார்ச்சு மாதப் பொதுப் பரீட்சையை ஒட்டி ஆறு பாடங்களுக்கும் சேர்த்து 600-க்குப் பெறும் மார்க்குகளே. பாடத்திற்கு 100-க்கு 35 பெற்றால் தேர்ச்சி. பள்ளியிலேயே போடப்படும் அகமதிப்பீடு பாடத்திற்கு 10 மார்க்கு மட்டுமே. வகுப்புப் பரீட்சைகளுக்கு அதில் ஒரு சிறு பங்குதான். இஞ்சினீயரிங் கலாசாலைகளில் சேருவதற்குக் கணிதத்திற்கு 100, பௌதிகத்திற்கு 50, ரசாயனத்திற்கு 50 என 200-க்குக் கணக்கிடுவதும் பொதுப் பரீட்சை மார்க்குகளைக் கொண்டே. ஆகவே காலாண்டில் வந்த 28 எந்தக் கலாசாலையின் வாயிலையும் அடைப்பதில்லை. அது தீர்ப்பன்று, எச்சரிக்கை. எச்சரிக்கைக்கும் பொதுப் பரீட்சைக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து மாத காலம் இருக்கிறது.

2021-ஆம் ஆண்டில் இவ்விதி மாறிற்று. கொரோனா நோய் பரவியதால் பொதுப் பரீட்சை ரத்தாகி, பத்தாம் வகுப்பு மார்க்குகளுக்கு 50 சதவிகிதம், பதினொன்றாம் வகுப்புக்கு 20 சதவிகிதம், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றுக்கு 30 சதவிகிதம் என்று கணக்கிட்டு மார்க்கு வழங்கப்பட்டது. அன்றைய நெருக்கடியில் வேறு வழி காண்பது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், இறுதியாண்டில் விழித்தெழுந்து பாடுபட்ட மாணாக்கர் பலர் தம் உழைப்பைக் காட்டக் களமின்றி நின்றனர். பழைய மார்க்கே முடிவாகிவிட்டால் விளையும் அநீதி யாதென அவ்வாண்டு நமக்குக் காட்டிற்று. நோயின் கொடுமையால் நேர்ந்த அந்த அநீதியை, நோய் இல்லாத ஆண்டுகளில் நாமே மனமறிந்து செய்யலாமா?

செய்கிறோம் என்பதே நமது வருத்தம். 2025-ஆம் ஆண்டில் மேனிலைப் பரீட்சை எழுதியோரில் 95.03 சதவிகிதத்தினர் தேறினர். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இந்த உயர்ந்த சதவிகிதம் பள்ளிகளுக்குள் ஒரு விபரீதப் போட்டியை மூட்டிவிட்டிருக்கிறது. வாயிலில் "நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று பலகை மாட்டும் பொருட்டு, காலாண்டில் தவறிய பையனின் தகப்பனாரை அழைத்து, மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு தனித்தேர்வராக எழுதும்படி உபதேசிக்கும் பள்ளிகளும் உண்டு. நோயாளிகளை வெளியே அனுப்பிவிட்டு, "எங்கள் ஆஸ்பத்திரியில் மரணமே இல்லை" என்று பெருமை பேசுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பலவீனமான மாணாக்கனைத் தேற்றுவதற்காகவே உபாத்தியாயர் இருக்கிறார். கெட்டிக்காரப் பையன் தானே தேறிவிடுவான்.

மற்றொரு சாரார் நல்லெண்ணத்தோடு, "கணித மேதை ராமானுஜனே எஃப்.ஏ. பரீட்சையில் தவறவில்லையா?" என்று ஆறுதல் கூறுகின்றனர். இந்த ஆறுதல் பையனின் கண்ணீரைத் துடைக்கலாம். கணக்கைப் போட்டுத் தராது. மேதைகளின் கதை மேதைகளுக்கே பொருந்தும். சாதாரண மாணாக்கனுக்கு வேண்டியது தன் விடைத்தாளைத் தானே சோதித்துப் பார்க்கும் பொறுமை.

கணித வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். எழுத்துப் பரீட்சைக்கு 90 மார்க்கு. அவற்றில் ஒரு மார்க்கு வினாக்கள் 20. இரண்டு, மூன்று, ஐந்து மார்க்கு வினாக்களில் வகைக்கு ஏழு எழுதவேண்டும். 28 மார்க்கு வாங்கியவன் இழந்தவற்றை மூன்று கூறாகப் பிரித்துப் பார்க்கட்டும். தெரிந்திருந்தும் கவனக்குறைவால் இழந்தவை எத்தனை? படித்தும் மறந்தவை எத்தனை? அடியோடு விளங்காதவை எத்தனை? முதல் வகைக்குக் கடிகாரத்தை முன்வைத்து எழுதிப் பழகுவதே மருந்து. இரண்டாம் வகைக்கு வேண்டியது திரும்பத் திரும்ப நினைவுகூர்தல். மூன்றாம் வகைக்கு உபாத்தியாயரின் துணையின்றி வழியில்லை. நோய் இன்னதென்று தெரியாமல், "இன்னும் அதிக நேரம் படி" என்று மட்டும் சொல்வது வைத்தியமாகாது.

அதிக நேரம் படிப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக்கி என்னும் இருவர் 2006-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், ஐந்து நிமிஷங்களுக்குப் பின் சோதித்தபோது முன்னணியில் நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே விஞ்சினர். நம் பிள்ளைகள் இரவெல்லாம் உரக்க வாசித்தும் பரீட்சை மண்டபத்தில் திகைப்பதன் காரணம் இதில் ஓரளவு விளங்குகிறது. படித்ததை மூடிவைத்து எழுதுக. மூன்றாம் நாளும் அடுத்த வாரமும் மீண்டும் எழுதுக. அரையாண்டுப் பரீட்சையும், அதன்பின் வரும் திருப்புதல் பரீட்சைகளும் இதற்கு வாய்த்த சந்தர்ப்பங்கள். அவற்றைக் கண்டு அஞ்சுவது பேதைமை.

விளங்காமையின் வேர் பல சமயங்களில் முந்திய ஆண்டில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் வகையிடுதலும் தொகையிடுதலும் கற்காதவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தொகுதிக் கணிதப் புத்தகம் அந்நிய பாஷை. பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களைக் கைவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருப்போடச் செய்தமையால்தான் 2017-18 முதல் அவ்வகுப்புக்கும் பொதுப் பரீட்சை ஏற்பட்டது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2025-26 முதல் அப்பரீட்சை நீக்கப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பரீட்சை போனதோடு பாடமும் போய்விடலாகாது. பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள் உண்மையாகவே நடத்தப்படுகின்றனவா என்பதைச் சர்க்கார் கண்காணிக்க வேண்டும். காலாண்டில் தவறியவர்களுக்கு அக்டோபர் முதலே பள்ளி நேரத்திலேயே தனி வகுப்பு நடத்தவேண்டும். பணமுள்ளவன் டியூஷன் வைத்துக்கொள்வான். கூலிக்காரன் மகனுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதியில்லை. தேர்ச்சிக் கணக்கைக் காப்பதற்காக மாணாக்கரை வெளியேற்றும் பள்ளிகள்மீது நடவடிக்கை எடுப்பதில் தாட்சணியம் கூடாது.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கூறி உம் பிள்ளையை வாட்டாதீர். 28 வாங்கியவன் அரையாண்டில் 45 வாங்கினால், அது 90 வாங்கியவன் 92 வாங்குவதைக் காட்டிலும் பெரிய வெற்றி. அதைப் பாராட்டுக. மார்ச்சிலும் தவறினால், சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் கலாசாலையில் சேரவும் வழியுண்டு. ஒரு பரீட்சைத்தாளைவிட உம் பிள்ளையின் உயிர் பெரிது என்பதை அவன் உம் வாயாலேயே கேட்கவேண்டும்.

மாணாக்கர்களுக்கு நாம் சொல்வது இது: செப்டம்பரில் கிடைத்த மார்க்கை மறைக்காதீர்கள், மறக்கவும் வேண்டாம். அந்த விடைத்தாளை மேஜைமீது விரித்து வைத்து, இழந்த மார்க்குகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எங்கே இழந்தோம் என்று அறிந்தவனுக்கு மீட்க வழி தெரியும். ஐந்து மாதம் குறுகிய காலம்தான். ஆனால் இன்றே தொடங்குகிறவனுக்கு அது போதும்.