வண்ணத்துப்பூச்சியும் ஊசித்தட்டானும்

நீரோடைக் கரையில் வண்ணத்துப்பூச்சியைக் கண்டு மகிழாதார் இல்லை. அதனருகே புல்நுனியில் அமர்ந்திருக்கும் ஊசித்தட்டானைக் கவனிப்போர் சிலரே. 2019-ஆம் வருஷத்தில் சர்க்கார் ‘தமிழ் மறவன்’ என்பதைத் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது பொருத்தமே. ஆயினும் விவசாயிக்கும், ஆற்றின் நிலையை அறிய விரும்புவோர்க்கும் அதிகப் பிரயோஜனமுள்ளது ஊசித்தட்டானே என்பது எமது அபிப்பிராயம்.

அமரும்பொழுது இரண்டும் பெரும்பாலும் சிறகுகளை முதுகின்மேல் சேர்த்துக்கொள்ளும். ஜீவனத்திலோ வேற்றுமை மிகுதி. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு எலுமிச்சை, கறிவேப்பிலை முதலியவற்றின் தழையைத் தின்று, கூட்டுப்புழுவாகிப் பின் சிறகு பெறுகிறது. ஓடைக்கு அது வருவது ஈரமண்ணிலுள்ள உப்புச்சத்தை உறிஞ்சுவதற்கே. ஊசித்தட்டான் நீர்ச்செடிகளின் தண்டில் முட்டையிடுகிறது. அதன் இளம்பூச்சி, வால்நுனியிலுள்ள மூன்று செவுள் இதழ்களின் உதவியுடன் ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயுவைச் சுவாசித்து, கொசுப்புழு முதலியவற்றைப் பிடித்துண்டு வளர்கிறது. கூட்டுப்புழுப் பருவம் அதற்கில்லை. சிறகு பெற்ற பின்னர் நெல்வயலில் தத்துப்பூச்சிகளையும் பிடித்துத் தின்னும்.

இவ்வேற்றுமை எண்ணூர் வட்டாரத்தில் முக்கியமாகிறது. பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கொசஸ்தலையாறு, மணலித் தொழிற்சாலைகளை அடுத்து ஓடி, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து அங்கே படர்ந்தபோது, மீன்பிடித்து ஜீவிப்போர் பெரிதும் நஷ்டமடைந்தனர். இத்தகைய ஆற்றங்கரையில் பூஞ்செடிகள் வைத்தால் வண்ணத்துப்பூச்சிகள் வந்துவிடும். அதனைக்கொண்டு ஜலம் சுத்தமடைந்ததாகக் கொள்ளலாகாது. அவற்றின் புழுக்கள் வளர்வது நிலத்துச் செடிகளில். ஊசித்தட்டானின் இளமையோ ஜலத்திலேயே கழிகிறது.

எனினும், அவற்றுள்ளும் சில இனங்கள் அசுத்த ஜலத்தைப் பொறுக்கும். ஆதலால் ஒன்றிரண்டைக் கண்டு திருப்தியடையாமல், கழிமுகத்திற்கு மேலேயுள்ள நன்னீர்ப் பகுதியில் எத்தனை இனங்கள் உள்ளனவென ஆண்டுதோறும் கணக்கெடுக்க வேண்டும். ஆற்றைச் சீர்திருத்தும் வேலையின் பலனை மதிப்பிட, ஜலப் பரீட்சையோடு இக்கணக்கும் சேரவேண்டும்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்துக் குடியானவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வாய்க்கால் கரைப் புல்லை முழுதும் செதுக்காமல் சிறிது விட்டுவைக்க வேண்டும். மருந்து தெளிக்கும் கருவியை வாய்க்காலில் கழுவலாகாது. தத்துப்பூச்சி தென்பட்டவுடன் மருந்தடிக்காமல், அதனை உண்ணும் பூச்சிகள் வயலில் எவ்வளவு உள்ளன என்பதை முதலில் பார்க்க வேண்டும். எலுமிச்சைக் கன்றிலுள்ள புழுவைக் கையாலேயே பொறுக்கி அகற்றிவிடலாம். அதற்காக விஷமருந்து தெளித்து ஊசித்தட்டானைக் கொல்வது விவசாயிக்கே நஷ்டமாகும்.